வன்னி வளவில் நஞ்சில்லாத் தோட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய மாவட்டங்களில் கமம் செய்வோரும், வளவில் நான்கு பாத்தி மரக்கறி வைத்திருப்போரும், மருந்தடிக்காமல் பயிர் செய்ய விரும்பியும் தயங்கி நிற்போரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்படுகின்றன.

கிருமிநாசினியின் தீங்கு முதலில் யாரைச் சேர்கின்றது?

சந்தையில் மரக்கறி வாங்குபவரை என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் காய் சந்தைக்குப் போவதற்கு வெகு முன்னரே, தெளித்தவரின் உடலில் அந்த நஞ்சு ஏறிவிடுகின்றது. முதுகில் சுமக்கும் தெளிகருவியின் மூடியிலுள்ள இறப்பர் வளையம் தேய்ந்திருந்தால், கைப்பிடியை அழுத்தும் ஒவ்வொரு முறையும் சிறிது கரைசல் கசிந்து முதுகில் இறங்கும். வெயிலில் ஏற்கனவே நனைந்திருக்கும் சட்டைக்குள் அதுவும் வியர்வையாகவே தோன்றும். ஓர்கனோபொஸ்பேற்று, காபமேற்று வகை நஞ்சுகள் வாயால் மட்டுமன்றித் தோலாலும் மூச்சாலும் உடலுக்குள் செல்லக்கூடியவை. மாலையில் அந்தச் சட்டை கிணற்றடிக்குப் போகின்றது. அதை வெறுங்கையால் கசக்கித் தோய்ப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்.

என் தந்தையார் மிளகாய்த் தோட்டத்துக்கென ஒரு நீலச் சட்டை வைத்திருந்தார். எத்தனை முறை தோய்த்தாலும் அதன் கழுத்துப்பட்டியிலிருந்து மருந்து மணம் போகவில்லை. அம்மா அதைத் தோய்த்த நாட்களில் கைவிரல்கள் எரிவதாகச் சொல்வார். நாங்கள் அதைச் சவர்க்காரத்தின் குற்றம் என்று எடுத்துக்கொண்டோம். நஞ்சை 'மருந்து' என்று அழைத்துப் பழகியதால் நம்முடைய அச்சம் குறைந்துபோயிற்று என்பதே என் கருத்து.

நஞ்சு ஏறியதை எப்படி அறிவது? உடனே செய்ய வேண்டியது என்ன?

தெளித்துக்கொண்டிருக்கும்போதோ அதன் பின்னர் சில மணி நேரத்திலோ தலையிடி, தலைச்சுற்று, வாயில் எச்சில் ஊறுதல், மிகையான வியர்வை, கண்ணீர், வாந்தி, வயிற்றோட்டம், பார்வை மங்குதல், தசைத் துடிப்பு என்பன தோன்றினால் அவற்றை வெயிலின் களைப்பு என்று தள்ளிவிடக் கூடாது. கண்மணி ஊசித்துளைபோல் சுருங்குவதும் மூச்சு முட்டுவதும் உயிராபத்தின் அறிகுறிகள்.

பாதிக்கப்பட்டவரைத் தோட்டத்திலிருந்து காற்றோட்டமான இடத்துக்கு அகற்றி, உடுத்திருந்ததைக் களைந்து, தோலையும் தலைமுடியையும் சவர்க்காரமிட்டு நிறைய நீரால் கழுவ வேண்டும். கழுவுபவர் தம் கையில் கையுறையோ பொலித்தீன் பையோ மாட்டிக்கொள்வது அவசியம். வாந்தி எடுக்க வைக்க முயலக் கூடாது. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். போத்தலின் சுட்டுத்துண்டைத் தவறாமல் வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லுங்கள். எந்த நஞ்சு என்று தெரிந்தால்தான் உரிய சிகிச்சை விரைவாகத் தொடங்கும். ஓர்கனோபொஸ்பேற்றுக்குக் கொடுக்கப்படும் அத்திரோப்பின் என்ற முறிப்பு மருந்து எல்லா வகை நஞ்சுக்கும் பொருந்தும் என்றில்லை.

மீதமான போத்தலை எங்கே வைப்பது?

குடியிருக்கும் வீட்டுக்குள் வைக்கவே வேண்டாம். சோடாப் போத்தலில் ஊற்றி வைப்பதும், குசினித் தட்டில் உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் வைப்பதும் பிள்ளைகளின் உயிரோடு விளையாடுவதாகும். தோட்டக் கொட்டிலில் பூட்டுப் போட்ட பெட்டி ஒன்று இருக்கட்டும். அதைவிட நல்லது, ஒரு போகத்துக்கு வேண்டிய அளவை மட்டும் வாங்கி, வீட்டில் எதுவும் மிஞ்சாமல் பார்த்துக்கொள்வது.

இதில் மறைக்கக் கூடாத இன்னொரு செய்தியும் உண்டு. இலங்கையின் தற்கொலை வீதம் 1995 ஆம் ஆண்டளவில் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. மொனோகுறோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ் ஆகிய கொடிய கிருமிநாசினிகள் 1995 இலும் எண்டோசல்பான் 1998 இலும் தடைசெய்யப்பட்டன. 2005 ஆம் ஆண்டளவில் அந்த வீதம் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்திருந்தது. கொடிய நஞ்சு கைக்கெட்டாத தூரத்தில் இருந்ததனாலேயே ஆயிரக்கணக்கானோர் தங்கள் மிக இருண்ட பொழுதைக் கடந்து உயிரோடு இருக்கின்றனர். இழப்பும் கடனும் ஒருசேர நிறைந்த நம் ஊர்களில் பெட்டிக்குப் பூட்டுப் போடுவது வீட்டாருக்குச் செய்யும் காவல். மனம் தாங்காத நிலையில் இருப்பவரோ அவரது உறவினரோ 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம்.

சிறுநீரக நோய்க்குக் காரணம் இந்த மருந்துகள்தானா?

அனுராதபுரம் மாவட்டத்தில் 1990களில் வெளித்தெரியத் தொடங்கிய, நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாத கமக்காரரையும் தாக்கும் நாட்பட்ட சிறுநீரக நோய், வவுனியா உட்பட நம் பக்கத்துக் கிராமங்கள் சிலவற்றிலும் காணப்படுகின்றது. கிணற்று நீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, பாரமான உலோகங்கள், விவசாய இரசாயனங்கள், வெயிலில் நீரின்றி நெடுநேரம் உழைத்தல் என்று பல காரணிகள் ஆராயப்பட்டுள்ளன. ஒன்றே காரணம் என்று முடிவாகவில்லை. கிளைபோசேற்று என்ற களைநாசினி இந்த அச்சத்தினாலேயே 2015 இல் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. பின்னர் அந்தத் தடை படிப்படியாகத் தளர்த்தப்பட்டது.

ஆகவே மருந்துதான் காரணம் என்று உறுதியாகச் சொல்வதும் தவறு, மருந்துக்குத் தொடர்பே இல்லை என்று உறுதியாகச் சொல்வதும் தவறு. இந்த நோய் தொடக்கத்தில் வலி எதையும் காட்டாது என்பதால், வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்வோர் இரத்தத்தில் கிரியற்றினின் என்ற கழிவுப்பொருளையும் சிறுநீரில் புரதத்தையும் காலத்துக்குக் காலம் சோதித்துப் பார்ப்பது நல்லது. வெயிலில் வேலை செய்யும்போது தாகம் எடுக்கும்வரை காத்திராமல் நல்ல நீரைக் குடியுங்கள்.

சந்தை மரக்கறியை உப்பு நீரில் கழுவினால் நஞ்சு போய்விடுமா?

மேற்பரப்பில் படிந்திருப்பதில் ஒரு பகுதி போகும். ஓடும் நீரில் கையால் தேய்த்துக் கழுவுவதும், அப்பச்சோடா கலந்த நீரில் 10 முதல் 15 நிமிடங்கள் ஊறவைத்துக் கழுவுவதும், தோல் சீவுவதும் பயன் தரும். வேரிலும் இலையிலும் உறிஞ்சப்பட்டுச் சதைக்குள் சென்றுவிட்டதை எந்தக் கழுவலும் எடுக்காது. தெளித்த நாளுக்கும் பறிக்கும் நாளுக்கும் இடையே விடவேண்டிய நாட்கள் சுட்டுத்துண்டில் அச்சிடப்பட்டிருக்கும். அந்த இடைவெளியைக் காப்பதே கழுவுவதை விடப் பெரிய பாதுகாப்பு. கத்தரியும் பயிற்றங்காயும் சில நாட்களுக்கு ஒருமுறை பறிக்கப்படுவதால், இந்த விதி அவற்றில்தான் அதிகம் மீறப்படுகின்றது. விற்பதற்கு ஒரு பாத்தியும் வீட்டுக்கு மருந்தடிக்காத ஒரு பாத்தியும் வைத்திருக்கும் கமக்காரர்களை நான் அறிவேன். நம் கையால் விளைந்ததை நம் பிள்ளைக்கே கொடுக்க அஞ்சும் நிலைக்கு வந்துவிட்டோம் என்பதை அந்தப் பாத்தியைக் காணும்போதெல்லாம் உணர்கின்றேன்.

கிணற்று நீருக்கு என்ன ஆகும்?

தெளிகருவியைக் கிணற்றடியிலும் வாய்க்காலிலும் கழுவக் கூடாது. இரணைமடுவிலிருந்தோ வவுனிக்குளத்திலிருந்தோ வரும் வாய்க்கால், நம் வயலைத் தாண்டி இன்னொருவர் வயலுக்கும் அவருடைய மாடு குடிக்கும் இடத்துக்கும் போகின்றது. பசளையிலும் கவனம் வேண்டும். யூரியாவைத் தேவைக்கு மேல் இட்டால் அது நைத்திரேற்றாக மாறி மணல் மண்ணினூடாகக் கிணற்றுக்கு இறங்கும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அதைத் தாண்டிய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இழக்கக்கூடும். கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும்.

2021 இல் இரசாயனத்தைத் தடைசெய்து நாடே தோற்றதே. இது நடைமுறைக்கு உதவுமா?

அந்த ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளையினதும் விவசாய இரசாயனங்களினதும் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது காலபோகம் ஏற்கனவே தொடங்கிவிட்டிருந்தது. விளைச்சல் வீழ்ந்தது, கமக்காரர் கடனாளியாயினர். மண்ணை ஆயத்தம் செய்யாமல், போதிய இயற்கைப் பசளை இல்லாமல், ஒரே ஆணையால் நாடு முழுவதையும் மாற்ற முயன்றதன் விளைவு அது. நீண்ட நாள் யூரியாவுக்குப் பழகிய வயல் ஒரே போகத்தில் மாறாது.

வன்னிக்கு இதற்கு முன்னரும் ஒரு பட்டறிவு உண்டு. 1990களில் போர்க்காலப் பொருளாதாரத் தடையின் கீழ் யூரியா இங்கு வர அனுமதிக்கப்படவில்லை. அன்று மாட்டெருவையும் குழையையும் சாம்பலையும் நம்பிப் பயிர் செய்த தாய்மாரும் தந்தையரும் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அது விரும்பிச் செய்ததல்ல, அதில் பட்டினியும் கலந்திருந்தது. அந்தக் காலத்தைப் பொற்காலமாகச் சித்திரிக்க எனக்கு மனமில்லை. ஆயினும் எந்தக் குழை எத்தனை நாளில் உக்கும், எந்தப் பயிருக்கு ஆட்டெரு பொருந்தும் என்ற அறிவு அவர்களிடம் உள்ளது. வளவிலிருந்து தொடங்குங்கள் என்று நான் வலியுறுத்துவது இதனாலேயே: அங்கு ஒரு பாத்தி பிழைத்தால் வீட்டுக்குக் கடன் ஏறாது, சரிவந்தால் அடுத்த மாரிக்கு இன்னொரு பாத்தி கூடும்.

வளவில் எங்கிருந்து தொடங்குவது?

வேலியிலிருந்து. கட்டாக்காலி மாடுகளும் மயிலும் குரங்கும் உலவும் ஊரில், வேலியில்லாத தோட்டம் ஒரே இரவில் முடிந்துவிடும். கிளுவை, பூவரசு, கிளிரிசிடியா ஆகியவற்றின் கதியால்களை நட்டால் வேலியும் ஆகும், வெட்ட வெட்டக் குழையும் தரும். புதிதாகக் குடியேறிய காணியில் குழி வெட்டும்போது அறியாத இரும்புப் பொருள் எதுவும் தென்பட்டால் தொடாமல் விலகி, கிராம அலுவலருக்கோ பொலிஸாருக்கோ அறிவியுங்கள்.

அடுத்தது மண். வன்னியின் செம்மண்ணிலும் முல்லைத்தீவுக் கரையோர மணலிலும் சேதனப் பொருள் குறைவு. நீரும் சத்தும் கையில் நில்லாமல் இறங்கிவிடும். ஆடி, ஆவணி மாதங்களில் குழி வெட்டி, ஒரு படை பச்சைக் குழை, ஒரு படை சருகும் வைக்கோலும், ஒரு படை மாட்டெரு என்று மாறி மாறி அடுக்கி, நனைத்து, பனையோலையால் மூடிவிட்டால், இடையிடையே புரட்டிவரும் பட்சத்தில் ஏறத்தாழ மூன்று மாதத்தில் கூட்டெரு ஆயத்தமாகும். உக்கியதைப் பிடித்துப் பார்த்தால் கைக்குச் சூடு தெரியாது, சாண மணமும் இராது. முதல் மழை விழுந்த காட்டு மண்ணின் மணம் வரும். அந்த மணம் வரும்வரை பாத்தியில் இட வேண்டாம். கோடையில் வெறுமையாகக் கிடக்கும் காணியில் அயலவரின் மாட்டுப்பட்டியையோ ஆட்டுப்பட்டியையோ சில இரவுகள் அடைக்கச் செய்வதும் நம் முன்னோர் செய்துவந்த மிகச் சிறந்த பசளையிடல்.

முதல் போகத்தில் எளிதானவற்றை வையுங்கள்: வெண்டி, பயிற்றை, கீரை, பொன்னாங்காணி, முருங்கை, பப்பாசி. கத்தரியும் மிளகாயும் பூச்சியோடு போராட வைப்பவை. கை பழகிய பின்னர் அவற்றுக்குச் செல்லலாம். மாரி மழையில் வேர் அழுகாதிருக்கப் பாத்தியை உயர்த்திப் போடுங்கள்.

கோடையில் நீர் போதாதே?

சோளகக் காற்று வீசும் மாதங்களில் மண்ணை வெயிலுக்குக் காட்டாதீர்கள். வைக்கோல், சருகு, தென்னம் பொச்சு ஆகியவற்றால் நான்கு விரல் தடிப்பில் மூடுங்கள். செடியின் அடியில் மட்டும், காலையிலோ மாலையிலோ ஊற்றுங்கள்.

கத்தரியில் புழு, மிளகாயில் இலைச்சுருள், பாகலில் பழ ஈ: மருந்தில்லாமல் எப்படிச் சமாளிப்பது?

கத்தரியின் இளந்தண்டு ஒன்று மட்டும் நண்பகலில் தலை சாய்ந்து வாடி நிற்பதைக் கண்டால் நீர் குறைவு என்று எண்ண வேண்டாம். அந்தத் தண்டை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே கழிவு அடைந்த ஒரு துளையும், அதன் முடிவில் இளஞ்சிவப்பு நிறப் புழு ஒன்றும் இருக்கும். இதுவே பின்னர் காயைத் துளைப்பதும். புழு தண்டுக்குள் புகுந்த பின் மேலே தெளிக்கும் எந்தத் தொடுகை நஞ்சும் அதை எட்டாது; கமக்காரர் மீண்டும் மீண்டும் தெளித்தும் பயன் காணாததற்கு இதுவே காரணம். வாடிய தண்டை ஒரு விரற்கடை கீழாக வெட்டி, துளை விழுந்த காய்களோடு சேர்த்து எரித்துவிடுங்கள், அல்லது ஆழமாகப் புதையுங்கள். கிழமைக்கு இருமுறை இதைத் தவறாமல் செய்பவரின் பாத்தியில் புழு வெகுவாகக் குறையும். வெட்டிய தண்டைப் பாத்தி ஓரத்தில் எறிந்தால் செய்த வேலை வீண்.

கமக்காரர் குருமன் என்று சொல்லும் மிளகாய் இலைச்சுருளுக்குப் பனிப்பூச்சியும் சிற்றுண்ணியும் வெண்ஈ பரப்பும் வைரசும் காரணம். நாற்றுமேடையை மெல்லிய வலையால் மூடி வளர்ப்பதும், தோட்டத்தைச் சுற்றிச் சோளத்தை இரண்டு வரிசையாக நெருக்கி விதைப்பதும், மஞ்சள் அட்டையில் ஒட்டும் எண்ணெய் பூசித் தொங்கவிடுவதும் உதவும். வைரசு பிடித்த செடிக்கு எந்த வைத்தியமும் இல்லை. பிடுங்கி அகற்றுவதே மற்றவற்றைக் காக்கும்.

பாகலுக்கும் புடோலுக்கும், பிஞ்சு விரலளவு இருக்கும்போதே கடதாசிப் பையால் மூடிக் கட்டுவது பழ ஈயைப் பெரிதும் தடுக்கும். விழுந்த காய்களை நிலத்தில் விடாதீர்கள். புழு அவற்றிலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். பயிற்றையில் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அழுக்கணவன் கூடினால் விடியற்பனி காயும் முன் அடுப்புச் சாம்பலைத் தூவலாம். அதற்கு முன் ஒருகணம் உற்றுப் பாருங்கள்: அழுக்கணவனுக்கு நடுவே பொறிவண்டின் கருநிறக் குஞ்சுகள் மேய்ந்துகொண்டிருந்தால் ஒன்றும் செய்யாமல் விடுவதே நல்லது.

வேப்பங்கொட்டைக் கரைசலைச் செய்வது எவ்வாறு?

வைகாசி தொடங்கி ஆவணி வரை வேப்பமரத்தடியில் உதிரும் பழங்களைப் பொறுக்கி, சதையைக் கழுவி நீக்கி, கொட்டையை வெயிலில் அல்லாமல் நிழலில் உலர்த்தி, காற்றுப் புகும் சாக்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பொலித்தீனில் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். தேவைப்படும்போது ஒரு லீற்றர் நீருக்கு 50 கிராம் பருப்பு என்ற அளவில் உரலில் இடித்து, துணியில் கட்டி, ஓர் இரவு ஊறவிட்டுப் பிழிந்து வடித்து, சிறிது சவர்க்காரக் கரைசல் சேர்த்தால் தெளிக்க ஆயத்தம். இதிலுள்ள அசாடிராக்டின் வெயிலில் விரைவில் சிதையும் என்பதால் மாலையில், இலையின் அடிப்புறம் நனையும்படி, அன்றன்றே தெளித்து முடிக்க வேண்டும். புழு உடனே செத்து விழாது. தின்பதை நிறுத்தும், தோலுரிக்க முடியாமல் மெல்ல அழியும். மறுநாள் காலை புழு உயிரோடு இருப்பதைக் கண்டு கைவிட்டுவிடாதீர்கள்; ஏழு முதல் பத்து நாட்களில் மீண்டும் தெளியுங்கள்.

இயற்கையானது என்றால் தீங்கற்றது என்று கொள்ளலாமா?

கூடாது. புகையிலையை ஊறவைத்துத் தெளிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதிலுள்ள நிக்கொற்றின் கொடிய நஞ்சு, தோலினூடாகவும் ஏறும். மேலும் புகையிலைத் தேமல் வைரசு தக்காளிக்கும் மிளகாய்க்கும் அதனால் தொற்றலாம். அதை நான் பரிந்துரைப்பதில்லை. வேப்பெண்ணெயைக் குழந்தைக்குப் பருக்குவதும் உயிராபத்தானது. பச்சைச் சாணக் கரைசலை வல்லாரை, பொன்னாங்காணி போன்றவற்றின் மேல் ஊற்றக் கூடாது. சம்பலாகப் பச்சையாய் உண்ணப்படும் இலையில் வயிற்றோட்டக் கிருமிகள் தங்கும்.

பஞ்சகவ்வியம், ஜீவாமிர்தம் அவசியமா?

சாணம், மாட்டுச் சிறுநீர் முதலியவற்றைக் கொண்டு செய்யும் இந்த ஊட்டக் கரைசல்களைச் செய்ய விரும்பினால் செய்யலாம், அவசியமில்லை. 10 கிலோ சாணமும் 10 லீற்றர் மாட்டுச் சிறுநீரும் 200 லீற்றர் நீரில் கரைத்துச் செய்யும் ஜீவாமிர்தத்தில் இருக்கும் சத்தின் அளவு சிறிது. நன்கு உக்கிய கூட்டெருவும் குழையும் நிறைய இட்ட பின்னரே அதற்குப் பயன் உண்டு. அவற்றுக்கு மாற்றாக அதை நம்பினால் செடி மஞ்சளாகும்.

நெல் வயலையும் மாற்றலாமா?

ஒரு மூலையில், ஒரு பரப்பில் தொடங்குங்கள். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற பாரம்பரிய நெல்லினங்கள் குறைந்த பசளைக்கு இணங்குபவை. ஆனால் விளைச்சல் புதிய இனங்களை விடக் குறைவு என்பதைக் கணக்கில் எடுத்தே இறங்குங்கள். நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் பூச்சியான அறக்கொட்டியான் வருமுன்னே காப்பாகத் தெளிப்பது எதிர்விளைவையே தரும், ஏனெனில் அதைத் தின்னும் சிலந்திகள் முதலில் சாகின்றன, அறக்கொட்டியான் அதன் பின் தடையின்றிப் பெருகுகின்றது. தெளித்தே தீர வேண்டிய நிலை வந்தால் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேட்டு, பச்சை அல்லது நீல நிறப்பட்டையுள்ள குறைந்த நச்சுத்தன்மை கொண்டதைத் தெரிந்து, நீண்ட கைச் சட்டையும் கையுறையும் அணிந்து, காற்று வரும் திசைக்கு முதுகைக் காட்டித் தெளியுங்கள்.

விதையை எங்கே பெறுவது?

கலப்பின விதையிலிருந்து எடுக்கும் விதை தாய்ச்செடியைப் போல் வராது. ஆகவே ஊரில் மருந்தில்லாமல் வளர்ப்பவரிடம் நாட்டு விதை கேட்டு வாங்குங்கள். மறுப்பவரை நான் இதுவரை கண்டதில்லை. பாத்தியில் மிக நலமாக நிற்கும் செடியொன்றில் நடுப்பருவக் காய்களை நூல் கட்டி அடையாளமிட்டு, பறிக்காமல் முற்ற விடுங்கள். கத்தரியை மஞ்சளாகும்வரை விட்டு, பிசைந்து நீரில் இட்டால் நல்ல விதை அடியில் தங்கும், மிதப்பதை ஊற்றிவிடலாம். நிழலில் உலர்த்தி, சலித்த அடுப்புச் சாம்பலோடு கலந்து, இறுக்கமான போத்தலில் இட்டு, பெயரையும் மாதத்தையும் எழுதி ஒட்டி, அடுப்புக்கு மேலுள்ள பரணில் அல்லாமல் வீட்டின் குளிர்ந்த மூலையில் வையுங்கள். புரட்டாதியில் பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து பாருங்கள்; ஏழு விதைகளாவது முளைத்தால் நாற்றுமேடை போடலாம்.